அடுப்புப் பிரம்மா

கடையில் விலைக்குக் கிடைக்கிற ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது தம்முடைய புத்திக்கு நேர்ந்த அவமானம் என்று கருதும் மனிதர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் என்றாலும், நாகப்பட்டினத்தில் அவர்களுக்குப் பரம்பரைப் பாத்தியதை என்றே ஒன்று உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை, 1920களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்படும்வரை, இந்த ஊரில்தான் இருந்தது. பட்டறைச் சாமான்கள் எல்லாம் ரயிலேறிப் போயின. இரும்பைக் கண்டால் கை துறுதுறுக்கும் வியாதி மட்டும் ஊரைப் பிரிய மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது.

அந்த வியாதியஸ்தர்களில் உத்தமோத்தமரான ஒருவரை வெளிப்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சந்திக்கலாம். அவரை நாம் அடுப்புப் பிரம்மா என்று அழைப்போம். சிருஷ்டித் தொழில் மட்டுமே அவருடையது. சிருஷ்டித்ததைக் கட்டிக் காக்கும் பொறுப்பு அவருடைய மனைவியைச் சேர்ந்தது. சம்ஹாரத்தை வாயு பகவான் பார்த்துக்கொள்வார். அறுபதைக் கடந்து, ஓய்வூதியத்தில் காலட்சேபம் செய்யும் இந்தப் பெரியவர், உத்தியோக காலம் முழுவதும் காகிதத்தைத் தவிர வேறெதையும் மடக்கி அறியாதவர். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவோ என்னவோ, ஓய்வு பெற்ற மறுநாள் முதல் தகரத்தை மடக்க ஆரம்பித்தார். அவர் வீட்டு ரேழியில் காலை வைக்க இடம் கிடையாது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் தலை, பித்தளை ஸ்டவ்வின் வயிறு, அரசாங்கம் ஒரு காலத்தில் இலவசமாக வழங்கிய கேஸ் அடுப்பின் பர்னர், குழந்தைகள் வளர்ந்து வெளியூர் போன பின்னும் போகாமல் நிற்கும் மூன்று சக்கர சைக்கிளின் கால்வாசி முதலிய திரவியங்களெல்லாம் அங்கே "என்றைக்காவது உதவும்" என்ற ஒரே நம்பிக்கையில் குடியிருக்கின்றன.

கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கேஸ் அடுப்பைத் தாமே செய்துவிட வேண்டும் என்ற சங்கற்பம் அவருக்கு ஓர் ஆகஸ்டு மாதக் கடைசியில் உண்டாயிற்று. வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் தேதி மாதாவின் திருநாள் முடியும்வரை, வடக்கே எங்கெங்கிருந்தோ காவியுடை தரித்து நடந்து வரும் யாத்ரிகர் கூட்டம் நாகூரையும் நாகையையும் கடந்துதான் போகும். அவர்கள் சாலையோரத்தில் மூன்று செங்கற்களைக் கூட்டி, சவுக்கு விறகைப் பற்றவைத்து, அரைமணி நேரத்தில் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு ஆனந்தமாகப் படுத்துக்கொண்டதை நம் பிரம்மா திண்ணையிலிருந்து பார்த்தார். பார்த்து அவர்களுக்காக மிகவும் வருந்தினார். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் ஜனங்கள் இப்படிப் புகையில் கண்ணைக் கசக்குகிறார்களே என்பது அவர் துக்கம். கண்ணைக் கசக்கியவர்கள் யாரும் அவரிடம் முறையிடவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

"ஐந்து கிலோ சிலிண்டர் கடையிலேயே விற்கிறதே அண்ணே, ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"நரிமணத்தில் பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறான், பனங்குடியில் 1993லேயே சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது. இந்த மண்ணில் பிறந்துவிட்டுக் கடையில் போய் அடுப்பு வாங்கச் சொல்கிறீரா?" என்று அவர் சீறினார். நரிமணத்து எண்ணெய்க்கும் தம் ரேழிக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர் விளக்கவில்லை, எதிர்வீட்டுக்காரரும் வற்புறுத்தவில்லை.

அடுப்பின் தத்துவம் என்னவோ எளிமையானதுதான். ஊசிமுனையளவு துவாரத்தின் வழியே வாயு பீறிட்டு வரும்போது, குழாயின் பக்கவாட்டிலுள்ள ஓட்டைகளிலிருந்து காற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இரண்டும் தக்க அளவில் கலந்தால் சுடர் நீலமாக எரியும். காற்றுக் குறைந்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பூசும். பிரம்மாவின் சுடர் பல மாதங்கள் மஞ்சளாகவே இருந்தது. வீட்டிலுள்ள பாத்திரம் ஒவ்வொன்றும் கரி பூசிக்கொண்டு நின்ற காலத்தில், அது மங்களகரமான நிறம் என்று அவர் சமாதானம் சொன்னார். சிலிண்டருக்குள் வாயு தன் சுபாவத்தில் இருப்பதில்லை. அமுக்கத்தால் திரவமாகி அடங்கிக் கிடக்கிறது. வெளியே விட்டால் ஏறக்குறைய 250 மடங்கு பெருகும் அந்த வஸ்துவை மட்டுப்படுத்தி அனுப்புவதற்காகவே ரெகுலேட்டர் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பதும், ஒரு சிலிண்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தாமாகவே வாயுவை மாற்றுவது சட்ட விரோதம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சட்டங்களும் ரெகுலேட்டரும் விஷயம் தெரியாதவர்களுக்காக ஏற்பட்டவை என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

படித்தறியாத மூடன் என்று அவரைச் சொல்ல முடியாது. படித்ததுதான் ஆபத்தாக முடிந்தது. 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிலாளி, திரியில்லாமல் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் பிரைமஸ் ஸ்டவ்வைக் கண்டுபிடித்த சரித்திரம் அவருக்கு மனப்பாடம். 1953இல் எவரெஸ்டின் உச்சியை எட்டிய நாளன்று, இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கல்லாகிப்போன பூட்ஸை ஹில்லாரி அத்தகைய ஸ்டவ்வின் மேல் காட்டித்தான் இளக்கினார் என்பதையும் அவர் சொல்லாத நாளில்லை. மலையேறுகிறவர்கள் பற்றிய ஏதோ ஒரு புத்தகத்தில் அதற்கும் மேலான ஒரு தகவல் அவருக்குக் கிடைத்தது. பியூட்டேன் வாயு பூஜ்யம் டிகிரிக் குளிரில் ஆவியாக மறுத்துத் திரவமாகவே படுத்துவிடுமாம். ஆகையால் சுடரிலிருந்து ஒரு செப்புத் தகட்டை வளைத்துக் கொண்டுவந்து சிலிண்டரோடு சேர்த்துக் கட்டி, அதற்குச் சிறிது சூடேற்றும் சாகசக்காரர்களும் உண்டாம். நம்மவர் உடனே ஒரு செப்புத் தகட்டைத் தேடி எடுத்துவிட்டார். கடல் மட்டத்துக்கு மேலே சில மீட்டர் உயரமே உள்ள நாகப்பட்டினத்தில், அக்கினி நட்சத்திரத்தின் உச்சியில், சிலிண்டரே தொட முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அது குளிரால் வாடிவிடக் கூடாதே என்ற கருணையோடு அவர் சூடேற்றும் ஏற்பாடு செய்துகொண்டிருந்த காட்சியைக் கண்டவர்கள், பரோபகாரம் எவ்வளவு பயங்கரமானது என்பதை அன்று உணர்ந்தார்கள். அன்று தகட்டைப் பறித்துக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவர் அவருடைய மனைவி. தெரு முழுவதும் அந்த அம்மாளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

பரிசோதனைகளுக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த ஸ்தலம் வீட்டு முற்றம். தஞ்சைச் சீமையின் பழைய வீடுகளில் முற்றம் கூடத்தைவிடப் பள்ளமாக இருக்கும். மேலே வானம் தெரியும். வானம் தெரிகிற இடத்தில் வாயுவால் என்ன கெடுதல் என்பது அவர் வாதம். இந்த வாயுவோ காற்றைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் ஆகாயத்தை நாடாமல் பள்ளத்தை நாடித் தவழ்ந்து, அங்கேயே தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். அதற்குச் சொந்த மணம் கிடையாது என்பதால், கசிவு தெரியும்பொருட்டு மெர்க்காப்டன் என்ற துர்நாற்றச் சரக்கைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆனால் நாற்றத்தை எடுத்துச் சொல்லியும் நம்பாத ஒரு மனிதர் உலகத்தில் இருப்பார் என்று அதைச் சேர்த்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க, கேஸ் வாசனை வருது," என்றார் அம்மாள்.

"அக்கரைப்பேட்டைக் காத்து. கருவாடு காயுது."

"கருவாட்டுக்கும் கேஸுக்கும் வித்தியாசம் தெரியாமலா நாப்பது வருஷமா இந்த ஊர்ல குடித்தனம் பண்றேன்? சாமி விளக்கைக்கூட ஏத்தாம உக்காந்திருக்கேன். முதல்ல அதை மூடுங்க!"

எப்படியோ ஒரு நாள் சுடர் நீலமாயிற்று. ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் ஸ்நானம் செய்யப் புறப்பட்ட உறவினர் கோஷ்டியோடு அடுப்பும் வேனில் ஏறிற்று. ரயிலில் இத்தகைய சாமான்களைக் கொண்டுபோனால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம்வரை சிறைவாசம் கிடைக்கலாம் என்று மருமகப்பிள்ளை எடுத்துக் காட்டியிருந்தார். அந்தச் சட்டத்தைப் பற்றி அம்மாளுக்கு இருந்த மரியாதை, வேனுக்கு இது பொருந்தாதது குறித்த வருத்தமாக வழிநெடுகிலும் வெளிப்பட்டது. கோடியக்கரையில் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிரம்மா பற்றவைத்தார், காற்று அணைத்தது. வேட்டியை விரித்து மறைத்தார். வேட்டி பற்றப் பார்த்தது. குழந்தைகள் பசியால் அழ ஆரம்பித்த சமயத்தில், பக்கத்தில் விசைப்படகு மீனவர் ஒருவர் வந்து நின்று, சற்று நேரம் கவனித்துவிட்டு, "கடல்ல நாள்கணக்கா தங்கிச் சோறாக்குறோம் ஐயா, நாங்களும் அடுப்பைக் கடையிலதான் வாங்குறோம்," என்று பணிவாகச் சொன்னார். கோஷ்டி வேதாரண்யத்துக்குத் திரும்பிப் போய் ஓட்டலில் சாப்பிட்டது. சாப்பிடும்போது அவர் மட்டும் இலையில் விரலால் குழாய்ப் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தில் தோல்வியின் சாயல் ஏதும் இல்லை. கவனித்துப் பார்த்தால் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவருக்கு வேண்டியது அடுப்பு அல்ல, முடிவு பெறாத அடுப்பு. லிண்ட்க்விஸ்டுக்கும் நம்மவருக்கும் உள்ள வித்தியாசம் புத்தியில் இல்லை. முன்னவர் தம் ஸ்டவ் எரிந்ததும் விற்கப் போய்விட்டார், பின்னவர் எரிந்ததும் பிரித்துப் போடுகிறார். எரிகிற அடுப்பில் செய்வதற்குச் சமையலைத் தவிர வேறென்ன இருக்கிறது? அந்தக் கலையில் அவருக்கு ருசி கிடையாது. பரிசோதனைக் காலம் முழுவதும் அவர் குடித்த காபி உள்ளே அம்மாள் போட்டுக் கொடுத்தது.

இத்தகையவர்கள் ஊருக்கு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மின்விசிறி, கைப்பம்பு, சுவர்க் கடிகாரம் என்று வெடிக்காத ஜாதியைச் சேர்ந்த எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, பாதியையாவது திருப்பிப் பூட்டிக் கொடுக்கும் மனிதர் தெருவுக்கு ஒருவர் அவசியம்தான். வாயு மட்டும் அவர் கைக்கு எட்டக் கூடாது. அதற்கான நிர்வாகத்தை அம்மாள் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்: கேஸ் புத்தகம் அவர் பெயருக்கு மாறிவிட்டது, சமையல் முடிந்ததும் ரெகுலேட்டர் கழற்றப்பட்டு, நகைப்பெட்டியில் வளையல்களோடு வைத்துப் பூட்டப்படுகிறது. தெருவாரும் தங்கள் பங்குக்கு ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள்: மாட்டுச் சாணத்திலிருந்தும் எரிவாயு எடுக்கலாம் என்ற விஷயத்தை அவர் காதில் விழும்படி யாரும் பேசக் கூடாது.