டிக்கெட் எடுத்துட்டேன் சார்

மார்ச் மாதம் பிறந்ததும் ஓசூர் சிப்காட்டில் ஓர் இனம் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடும். ஏ ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து பஞ்ச் வைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு யார் வருகிறீர்கள் என்றால் முதல் கை அதனுடையதாக இருக்கும். டீ பிரேக்கில் ஷிஃப்ட் இன்சார்ஜின் பக்கத்தில் போய் நின்று, "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா சார்?" என்று கேட்கும். இன்சார்ஜ் பழம் தின்று கொட்டை போட்டவர். "எத்தனை நாள்ப்பா?" என்பார்.

"பதினஞ்சு சார். டிக்கெட் எடுத்துட்டேன்."

இவர்தான் கோடை லீவுக்காரர். லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஓசூருக்கு வந்த காலத்திலிருந்தே இவரும் இருக்கிறார். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ இருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,900 அடியில், மே மாதத்திலும் சாயங்காலம் காற்று வீசும் ஊரில் வருஷம் முழுக்கக் குடியிருந்துவிட்டு, தமிழ்நாடே குளிர் தேடி மலையேறும் நேரத்தில் கந்தக பூமிக்கு இறங்கிப் போகிற ஒரே ஜீவன் இவர்தான். கேட்டால், "பசங்களுக்கு லீவு சார்" என்பார். அந்தப் பசங்களுக்கு அங்கே வேர்க்குரு வரும் என்பது வேறு கதை.

லீவு கிடைத்த பிறகு டிக்கெட் எடுப்பது விவரம் தெரியாதவர்கள் செய்கிற வேலை. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் உறுதியாகிவிட்டது என்றால் அப்புறம் எந்த மேனேஜரால் தடுக்க முடியும்? 2024 நவம்பரில் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது ஊர் முணுமுணுத்தது. இன்சார்ஜ்கள் மட்டும் உள்ளூர மகிழ்ந்திருப்பார்கள். அதுவரை பொங்கல் கரும்பு தின்ற வாய் காயும் முன்பே மே மாத டிக்கெட்டை நீட்டிவிடுவார் நம்மவர்.

கர்நாடக எல்லையில் குடியிருப்பதில் இவருக்கு இன்னொரு வசதி. மூத்த பெண் படிப்பது ஓசூரில், தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். சின்னவன் படிப்பது ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில். கர்நாடகப் பள்ளிகள் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் மூடி மே கடைசியில் திறந்துவிடும். நம் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி ஜூனில் திறக்கும். சின்னவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்று ஏப்ரலில் இரண்டு நாள், பெரியவளுக்கு இன்னும் பள்ளி திறக்கவில்லை என்று ஜூனில் இரண்டு நாள் என்று சில்லறை லீவு தனியாகத் தேறும். அக்டோபர் வந்தால் இங்கே காலாண்டு விடுமுறை, அங்கே தசரா விடுமுறை. தமிழ் இன்சார்ஜிடம் ஒரு மாநிலத்தின் காலண்டரையும், கன்னட மேனேஜரிடம் மற்ற மாநிலத்தின் காலண்டரையும் காட்டுவார். மேனேஜரிடம் பேச்சும் மாறும்: "சார், ஹதினைது தின ரஜா பேக்கு." அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏனப்பா, மத்தே ரஜானா?" என்பார். கன்னடத்தில் கேட்டதற்காகவே இரண்டு நாள் கூடக் கிடைத்ததாக ஒரு நம்பிக்கை லைனில் உலவுகிறது.

பாட்டி சாவெல்லாம் பழைய பஞ்சாங்கம். இப்போது எச்.ஆரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் போட்டோ கேட்கிறார்கள். அதனால் நம்மவர் அச்சடித்த ஆதாரத்தோடுதான் வருவார்: மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகை, அதில் 'தாய்மாமன்' என்ற இடத்தில் இவர் பெயர். "தாய்மாமன் மடியில உக்காராம காது குத்த முடியுமா சார்?" இந்தக் கேள்விக்குத் தமிழிலும் பதில் இல்லை, கன்னடத்திலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை.

அப்புறம் கணக்கு. இதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். லீவுத் தாளின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவார்: ஈஎல் (ஈட்டிய விடுப்பு) 6, ஞாயிறு 3, மே தினம் 1, சி-ஆஃப் (ஈடுசெய் விடுப்பு) 3. கூட்டினால் 13. "நான் கேக்குறது ரெண்டே நாள்தான் சார், அதையும் சம்பளமில்லாமப் போட்டுக்கங்க." இன்சார்ஜ் இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். பதினைந்து நாள் லைனில் யார் நிற்பது என்ற கேள்விக்குத்தான் அந்தத் தாளில் இடமில்லை. தாளை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, "பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் என்றால் கிடைத்துவிட்டது என்று நம்மவரும், மறந்துவிடுவான் என்று இன்சார்ஜும் அர்த்தம் செய்துகொள்கிறார்கள்.

ஊருக்குப் போனபின் வருவதுதான் உச்சகட்டம். பதினான்காம் நாள் இரவு வாட்ஸ்அப்பில், "சார், நாலு நாள் எக்ஸ்டென்ஷன் வேணும்." 2023இல் இவருக்கு அடித்தது யோகம். வெயில் கொடுமையால் பள்ளித் திறப்பு இரண்டு முறை தள்ளிப்போய், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. "கவர்மெண்டே ரெண்டு தடவை எக்ஸ்டென்ஷன் எடுக்குது, நான் ஒரு தடவைதானே சார் கேக்குறேன்?"

திரும்பி வரும்போது கையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கத்து உள்ளூர்க்காரர் என்றால் மாங்காய் அறுப்பு லீவு. அவர் ஒரு பெட்டி செந்தூராவோடு வருவார். பெட்டியின் எடைக்கும் மெமோவின் கடுமைக்கும் உள்ள உறவை யாரும் ஆராய்ந்ததில்லை.

கேலி இருக்கட்டும். இவர் இத்தனை நாடகம் போட்டுக் கேட்பது தானம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது இதுதான்: வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. 300 நாள் உழைத்தவருக்குச் சரியாகப் பதினைந்து. இடையில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த 240ஐ 180 ஆக்கியது. நாலு நாளுக்குக் குறையாத விடுப்பு என்றால் அதற்குரிய சம்பளத்தைப் புறப்படும் முன்பே கொடுக்க வேண்டும் என்றும் 1948 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. மேனேஜரின் பிள்ளைகளுக்கும் அதே மே மாதம்தான் லீவு. அவர் ஒரு மெயில் தட்டிவிட்டு தர்மஸ்தலாவுக்குப் போய்விடுகிறார், யார் அம்மாவின் முட்டிவலியையும் விசாரிப்பதில்லை. கான்ட்ராக்டில் இருக்கும் பையனுக்கோ லீவு கேட்கும் பயமே இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம், வரும்போது மிஷினில் வேறு ஆள் நிற்பான்.

அந்த 1948 சட்டம் இன்னொன்றும் சொன்னது: விண்ணப்பத்தைப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். நம்மவர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே கோடை லீவுக்காரர்களே, முட்டிவலி விசாரணையை விட்டுவிட்டு மார்ச்சிலேயே எழுதிக் கொடுங்கள். நகலில் தேதி போட்டு ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை வழக்கம்போல முதலிலேயே எடுத்துவிடலாம்.