மூச்சு விடும் குழாய்

கேள்வி: தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாயின் விட்டத்தை எந்த ஸ்கேலை வைத்து அளக்கிறார்கள்?

பதில்: ஸ்கேல் எதற்கு? லேசர் போதும்! அந்தக் குழாயின் அணுக்கள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. அவை ஆடும் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எல்லா அணுக்களும் சேர்ந்தாற்போல் வெளியே விரியும், சேர்ந்தாற்போல் உள்ளே ஒடுங்கும். குழாய் மூச்சு விடுகிறது!

மேலே விழும் லேசர் ஒளியில் ஒரு துளி, இந்த மூச்சுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறம் மாறித் திரும்பும். 1928-ல் கல்கத்தாவில் சி.வி.ராமன் கண்டுபிடித்த அதே விளைவுதான். நிற மாற்றத்தை அளந்தால் அதிர்வெண் கிடைத்துவிடும். குழாய் ஒல்லியாக ஒல்லியாக அதிர்வெண் ஏறும். சிலிக்கான் ஆக்சைடின் மேல் கிடக்கும் ஒற்றைச்சுவர்க் குழாய்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 248-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால், விட்டம் நானோமீட்டரில் வந்துவிடும். 200 என்று காட்டினால் 1.24 நானோமீட்டர். (அதிர்வெண்ணின் அலகு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்பது.)

இன்னும் இருக்கிறது. திரும்பும் ஒளியை அதிர்வெண் வாரியாக வரைபடமாக்கினால், 1590-ஐ ஒட்டி வரும் முகடு கார்பன் பிணைப்புகளின் நீட்சி. 1350 பக்கம் இன்னொன்று ஓங்கி நின்றால் குழாயில் பழுது அதிகம் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை: லேசரின் நிறத்தோடு எலக்ட்ரான் ஆற்றல் பொருந்துகிற குழாய்களே பலமாகப் பதில் சொல்லும். ஒரே லேசரை வைத்து முடிவு கட்டக் கூடாது. நிறத்தை மாற்றினால், அதுவரை வாயே திறக்காத குழாய்களும் பேச ஆரம்பிக்கும்.