'அந்த நாள்' படத்தின் குற்றங்களும் எழுந்து போதலின் இலக்கணமும்: மேற்குப் புறநகர் நோக்கில் ஓர் ஆய்வு

எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954 சித்திரைப் புத்தாண்டுக்கு வெளியான 'அந்த நாள்' தமிழின் ஆகச் சிறந்த மர்மப் படங்களுள் ஒன்று என்பது அறிஞர் துணிபு. எல்லாரும் புகழ்வதால் அதில் குற்றம் காண்பது ஆய்வாளர் கடனாகிறது. அக்கடனை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் மும்மரபு உரைகளின் துணைகொண்டு இங்கே அடைக்கிறேன்.

1. மூலக் குற்றம்: குரோசாவாவின் 'ரஷோமோன்' வழி வந்தது என்பார் ஒருசாரார், 'தி வுமன் இன் கொஸ்டின்' என்னும் ஆங்கிலப் படத்தின் வழி வந்தது என்பார் மற்றொரு சாரார். இரண்டையும் நான் பார்க்கவில்லை என்பார் எவருமிலர்.

2. பெயர்க் குற்றம்: கொலையுண்ட ராஜனின் உடன்பிறந்தவர் பெயர் பட்டாபி. இதைப் பட்டாபிராம் ஸ்டேஷனோடு முடிச்சுப் போட்டால் முனைவர் பட்டம் உறுதி. அதை இளைய தலைமுறைக்கு விட்டுவைக்கிறேன்.

3. இடக் குற்றம்: 1943 அக்டோபர், ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். திருவல்லிக்கேணியில் ஒரு துப்பாக்கி வெடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஓடுகிறார். டாங்கி உறுமலில் வளர்ந்த ஆவடிக் காதுகள் இதை நம்ப மறுக்கின்றன (ஆவடி மார்க்கெட் உரை).

4. சாட்சிக் குற்றம்: ஐவர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்கூட்டர் சரிந்தாலே இதைவிட அதிகம் தேறும். தவிர, துப்பறியும் சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன் சாட்சியைக் குறுக்கே வெட்டாமல் கடைசிவரை கேட்கிறார். இது நம் நாட்டில் நடக்கிற காரியமா? (அம்பத்தூர் ஓ.டி. டீக்கடை உரை, இடப்பக்க பெஞ்சு, மாலைப் பதிப்பு.)

5. பாட்டின்மைக் குற்றம்: இதுவே தலையாய குற்றம். 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டு என்பார்கள். இருபதே ஆண்டில் ஒரு படம் பாட்டே இல்லாமல் வருகிறது. சீர்திருத்தம் என்கிறார்கள். அப்படியானால் ரசிகன் எப்போது எழுந்து போவது?

எழுந்து போதல் மூவகைப்படும்: தன்பொருட்டு எழுதல், பிள்ளைபொருட்டு எழுதல், முறுக்குப்பொருட்டு எழுதல். செல்போன்பொருட்டு எழுதலை நான்காவதாகச் சேர்ப்பர். அது பிற்கால இடைச்செருகல். மூன்றுக்கும் உரிய பெரும்பொழுது இடைவேளை, சிறுபொழுது பாட்டு. அம்பத்தூர் ராக்கியிலும் முருகனிலும் இன்றளவும் வழுவாத மரபு இது (திருவள்ளூர் லோக்கல், ஜன்னலோர உரை, கொரட்டூர் முதல் பட்டரவாக்கம் வரை, சிக்னலுக்கு வண்டி நின்றதால் விரிவுரை).

சிறுபொழுது மறுக்கப்பட்டவன் என்ன ஆவான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, திரும்பி வருவதற்குள் ஒரு சாட்சி முடிந்திருக்கும். பக்கத்து சீட்டில் கேட்பான். அவர் தமக்குப் புரிந்ததைச் சொல்வார். அது ஆறாவது சாட்சி. பின்வரிசைக்காரர் "அப்படி இல்லை சார்" என்பார், அது ஏழாவது. ஆக, திரையில் சாட்சிகள் ஐவர், அரங்கில் எண்ணிலர். கொன்றது யார் என்பதிலேயே பாடபேதம் தோன்றிவிடுகிறது (பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பேருரை, எண்ணெய் படிந்த ஒற்றைப் பிரதி, கடைசி இரண்டு ஏடுகள் பஜ்ஜி மடிக்கப் போய்ச் சுண்டல் பொட்டலத்திலிருந்து மீட்கப்பட்டன, 'மனைவி' என்பதை 'மச்சினி' எனத் திருத்தியவர் மிளகாய்ப்பொடியால் மயங்கினார் என்க).

படம் முதலில் சரியாக ஓடாததன் காரணம் இப்போது விளங்கும். பின்பு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது. நடுவர் குழுவில் பிள்ளைகுட்டிக்காரர் இல்லை போலும்.

அறியாமல் நேர்ந்த பிழை என்று இயக்குநரை விடவும் வழியில்லை. அவர்தாம் பின்னாளில் வீணை பாலச்சந்தர் என்று உலகறிந்தவர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா காலியாகி கேன்டீன் நிரம்புவதை மேடையிலிருந்தே கண்டிருப்பார். பாட்டு வேண்டாம், போகட்டும். நான்காவது சாட்சிக்குப் பிறகு ஒரு தனியாவது விட்டிருக்கலாமே?