குருவைப் பாத்தவருக்குக் கோடி நன்மை

ஏலே பேராண்டி, போனை என்னத்துக்குப் போட்டு அந்தக் குத்து குத்துத? மேனேசர்கிட்ட இன்னைக்கு லீவு கேக்கலாமான்னு ராசிபலன் பாக்கியோ? பாரு, நல்லா பாரு. நான் பஞ்சாங்கத்தைப் பெரட்டுனா மூடநம்பிக்கை. இஞ்சினீயரு நீ பாத்தா அதுக்குப் பேரு ஆப்பு. அப்படித்தானல?

வெக்கப்படாத. ஒன்னைவிடப் பெரிய மண்டையெல்லாம் கட்டம் போட்டிருக்கு. கலிலியோ தெரியும்லா? 1609ல டஸ்கனி நாட்டுப் பிரபு பெர்டினாண்டோ சீக்காக் கெடந்தாரு. கலிலியோ சாதகம் கணிச்சு, பிரபுவுக்கு ஆயுசு கெட்டின்னு சொன்னாரு. பிரபு கொஞ்ச நாள்லயே போய்ச் சேந்துட்டாரு.

மறு வருசம் அதே கலிலியோ தொலைநோக்கியில வியாழனைப் பாத்தாரு. அதைச் சுத்தி நாலு நிலா! அதுக்கு அந்தப் பிரபு குடும்பத்துப் பேரையே வச்சாரு. செத்தவரு மகன் கூப்பிட்டு அரண்மனை உத்தியோகம் குடுத்தான். குரு பாத்தா கோடி நன்மைன்னு நாம சொல்லுதோம். அங்க மனுசன் குருவைப் பாத்துல்லா கோடி நன்மை வாங்கியிருக்காரு!

கெப்ளரு கதை இன்னும் பாவம். பிராக் நகரத்துல சக்கரவர்த்திக்கு ஆஸ்தான கணக்கரு. பட்டம் பெருசு, சம்பளமோ எப்பவும் பாக்கி. வயித்துப்பாட்டுக்கு ஊரான் சாதகமெல்லாம் எழுதுனாரு. சோசியம்ங்கிற புத்திகெட்ட மக சம்பாதிக்கலேன்னா, வானநூலுங்கிற புத்திசாலித் தாயி பட்டினிதான்னு அவரே எழுதி வச்சிருக்காரு. வெவரமான மனுசன்.

நூறு வருசம் போச்சு. சோசியரைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டான். லண்டன்ல பார்ட்ரிட்ஜுன்னு ஒரு பஞ்சாங்கக்காரரு. சுவிப்டுன்னு ஒரு குசும்பரு கள்ளப்பேருல, '1708 மார்ச் 29 ராத்திரி இவரு சாவாரு'ன்னு பலன் எழுதிட்டாரு. தேதி தாண்டுனதும் செத்துட்டாருன்னு சேதியும் அச்சுல வந்துட்டு. பாவம், 'நான் உசுரோடதான் இருக்கேன்'னு பார்ட்ரிட்ஜு ஊருக்கே சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. ஊரு சாவைச் சொன்னவருக்கு வந்த கெதியைப் பாத்தியா?

அதே காலத்துல ஹாலின்னு ஒருத்தரு. 1682ல வந்த வால்நட்சத்திரம் 1758ல திரும்ப வரும்னு கணக்குப் போட்டுச் சொன்னாரு. பரிகாரம் சொல்லல, தட்சணை கேக்கல. 1742ல செத்தும் போனாரு. 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி நட்சத்திரம் வந்து நின்னுச்சு. மொதல்ல கண்டது யாருங்க? ஜெர்மனியில ஒரு சம்சாரி. ஆமா, நம்மளைப் போல வயக்காட்டு ஆளுதாம்ல!

அதோட சோசியம் ஒழிஞ்சுதுன்னா நெனைக்க? அரண்மனையிலயும் கல்லூரியிலயும் வெளிய போன்னுட்டான். அது பேசாம பத்திரிகை ஆபீசுக்குள்ள நொழைஞ்சிட்டு. 1930ல ஸ்காட்லாந்துல ஒரு ராசகுமாரி பொறந்தா. பேப்பர்ல அவளுக்குச் சாதகம் போட்டான். வித்துச்சு பாரு, அப்புறம் பலன் எழுதவே ஒரு எடம் ஒதுக்கிட்டான். இப்ப ஒன் சட்டைப் பையில வந்து உக்காந்திருக்கு. வீடு மாத்துச்சே தவிர, வித்தை மாத்தலியே.

கோள் எங்க நிக்குதுன்னு கேளு, மானம் பதில் சொல்லும். ஒன் பொழப்பைப் பத்திக் கேட்டா, அதுக்கு என்னல தெரியும்?

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கேட்டுக்கோ. எவன் பலன் சொன்னாலும், 'தேதி போட்டு எழுதித் தாரீரா? தப்பினா துட்டைத் திருப்பித் தாரீரா?'ன்னு கேளு. தாரேன்னா நம்பு. முழிச்சான்னா, துட்டை மடியில முடிஞ்சிக்கிட்டு எந்திரிச்சு வா.