கிட்டாருக்கு விடுதலை

கிட்டாரை மீட்டினால் கிட்டார் சத்தமே வருகிறது! இந்தப் பத்தாம்பசலித்தனத்திலிருந்து நம்மை மீட்கத்தான் டேப்லெட் வந்திருக்கிறது. அதிலுள்ள செயலி உங்கள் கம்பியின் ஒலியைக் கேட்டு, 1983இல் பிறந்த மிடி (MIDI) என்ற மின்னணு வாத்தியங்களின் மொழிக்கு எண்ணாக மாற்றிக் கொடுத்துவிடும், புல்லாங்குழல் ஊதும். நாற்காலி கிரீச்சிட்டால் அதையும் கேட்டு இலவசமாக இன்னொரு ஸ்வரம். விரலின் ஆசை, கோபம் எல்லாம் 0 முதல் 127க்குள் அடக்கம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஒரு தடவை அதிர்ந்து முடிக்கவே 24 மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை செயலி பதறாது. கேட்டு, யோசித்து, பிறகுதான் வாய் திறக்கும். டிரம்மர் காத்திருக்கட்டும், எப்போதுமே அவசரக்காரர்.

நண்பர் ஒருவர் மிடியின் பொதுப் பட்டியலிலுள்ள 128 வாத்தியங்களையும் சலித்துப் பார்த்து, உயிருள்ள ஒலி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்: 25ஆம் எண், நைலான் கம்பி கிட்டார். அதை இன்னும் அசலாகக் கேட்கப் புது டேப்லெட் வாங்குகிறார். செலவுக்குப் பழைய கிட்டாரை விற்றாயிற்று.