பட்டினியும் பகுத்தறிவும்

தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீனை விட்டுவிட்டால் ஆண்டவரின் குரல் தெளிவாகக் கேட்குமா? (வாசகர், நாகர்கோவில்)

முதலில் வயிற்றின் குரல்தான் கேட்கும்! அது அடங்கிய பிறகு பேசுவது ஆண்டவரா, 'நம்மைப் போல் யாருண்டு' என்கிற நினைப்பா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

எகிப்துப் பாலைவனத்தில் ஹேரோன் என்றொரு முதிய துறவி. ஐம்பது ஆண்டுக் கடுந்தவம். ஈஸ்டர் அன்றுகூடச் சகோதரர்களோடு பந்தியில் உட்கார மாட்டார். கொஞ்சம் பருப்பு தின்றால் விரதம் தளர்ந்துவிடுமாம். அப்பேர்ப்பட்டவர், சாத்தானை வானதூதர் என்று நம்பி, தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆழ்கிணற்றில் குதித்தார். மற்றவர்கள் மேலே தூக்கியெடுத்த பிறகும் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் இறந்தார். இதைச் சொன்னவர் தவத்தைப் பழிக்கிற ஆசாமி அல்ல. 5-ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியன்.

ஸ்பெயினின் மன்ரேசாவில் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அவரும் 1548-இல், கடும் நோன்பிருந்த ஸ்பானியப் பிரபு பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதியது என்ன தெரியுமா? நோன்பைக் குறைத்துக்கொள்ளும், நன்றாகச் சாப்பிடும் என்றுதான்.

கறியை விடுங்கள், தப்பில்லை. பக்கத்து வீட்டில் ஈஸ்டர் பிரியாணிக்குக் கூப்பிட்டால் மட்டும் மறுக்காமல் போய்விடுங்கள்!