ஒரு நாட்டுச் சிப்பியின் சம்பள மனு

அனுப்புநர்: நாட்டுச் சிப்பி, கடல் தரை, விட்ஸ்டபிள், கென்ட், இங்கிலாந்து.

பெறுநர்: நிர்வாகக் குழுவினர், சதர்ன் வாட்டர் நிறுவனம்.

பொருள்: கழிவுநீர் சுத்திகரிப்புப் பணி – நிலுவைச் சம்பளம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கேன்டர்பரி கிரவுன் நீதிமன்றத் தீர்ப்பு, ஜூலை 2021.

பெருமதிப்பிற்குரியவர்களே,

விட்ஸ்டபிள் சின்ன ஊர். அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே எங்கள் குலம்தான். ரோமானியர் காலத்திலேயே கென்ட் கரைச் சிப்பிக்குக் கடல் கடந்து கிராக்கி இருந்தது. ஆனால் இந்த மனு குலப்பெருமை பேச அல்ல, கூலி கேட்க.

கடல்நீரை உள்ளே இழுத்து, கிடைப்பதைப் பிடித்து வைத்துக்கொண்டு, தெளிந்ததை வெளியே விடுவது என் பிழைப்பு. நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு நாளில் 200 லிட்டர் வரை வடிகட்டும். உங்கள் நிலையங்களுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான் என்று கேள்வி.

இங்கே சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் வருகின்றன. மழை வலுத்தால் மிஞ்சுவதைத் தொட்டியில் தேக்கி, மழை விட்டதும் சுத்திகரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்களோ தொட்டிகளை நிரம்பியபடியே வைத்திருந்தீர்கள். உள்ளே கிடந்தது அழுகி நாறியது. பிறகு கடலுக்குத் திறந்துவிட்டீர்கள். சுத்திகரித்தால் செலவு, எங்களிடம் தள்ளினால் இலவசம்! 2010 முதல் 2015 வரை, வட கென்ட்டிலும் தென்கரையில் சோலன்ட் நீரிணைப் பக்கமும் சேர்த்து 6,971 முறை. 1,600 கோடியிலிருந்து 2,100 கோடி லிட்டர் வரை. நேரக் கணக்கில் 61,704 மணி, அதாவது ஏழு ஆண்டுக்கும் மேல். ஆறே ஆண்டுக்குள் ஏழு ஆண்டு வேலையை முடித்த சுறுசுறுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் போட்டது. வேலை பார்த்த எங்களுக்கு அதில் ஒரு பென்னிகூட வரவில்லை. சோலன்ட் பக்கத்து உறவினர்கள் தனியே மனுப் போடுவார்கள். எங்கள் கரைக்கு வந்த லிட்டரை மட்டும் பிரித்துக் கணக்குப் பார்த்தால் போதும்.

உங்கள் அன்றைய பரிசோதனை முறையையும் பாராட்டாமல் இருக்க முடியாது. மாதிரி எடுக்கும் நாளில் சில நிலையங்களின் குழாயில் நீரே வராது. டேங்கர் லாரி வேறிடத்துக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கும். தேர்வன்று விடைத்தாளையே ஒளித்துவிட்டால் எந்த வாத்தியார் ஃபெயில் போடுவார்? நீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்வாட் ஆணையம் போட்டது. 2019இல் 30 லட்சம் பவுண்டு அபராதம். அதோடு வாடிக்கையாளர் கட்டணத்தில் 12.3 கோடி பவுண்டு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியிலும் சிப்பிக்குப் பங்கில்லை. எனக்குத் தண்ணீர் பில் வருவதில்லையாம்.

சட்டத்தின் நியாயத்தையும் கேளுங்கள். இந்த மாதிரிக் கடலிலிருந்து எடுத்த சிப்பியை நேரே தட்டில் வைக்க முடியாது. புற ஊதா ஒளி பட்ட சுத்த நீரில் 42 மணி நேரம் ஊற வைப்பார்கள். தண்ணீரைக் கெடுத்தவருக்கு அபராதம், குடித்தவனுக்குத் தீட்டுக் கழிப்பு. இந்த 42 மணி நேரத்தை உங்கள் தொட்டிகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், அதற்கு வசதியில்லை என்பீர்கள். வசதிக்கென்ன குறை? 2030க்குள் கட்டணத்தை 53 விழுக்காடு ஏற்றிக்கொள்ள 2024 டிசம்பரில் ஆஃப்வாட் அனுமதித்தது. அது போதாதென்று மேல்முறையீட்டுக்கும் போனீர்கள்.

ஆகவே, நிலுவைத் தொகையோடு முறையான பணி நியமன ஆணையும் வழங்க வேண்டுகிறேன். பதவிப் பெயர் 'துணைச் சுத்திகரிப்பு நிலையம்' என்று இருந்தால் போதும். 'துணை' என்பது உங்கள் மரியாதைக்காக.

இப்படிக்கு,
நாட்டுச் சிப்பி (தற்காலிகப் பணியாளர்)

பி.கு.: மே முதல் ஆகஸ்ட் வரை எங்களுக்கு இனப்பெருக்கக் காலம். அப்போது எங்களைத் தின்பதில்லை என்பது இந்த ஊர்ப் பழைய வழக்கம். அந்த நான்கு மாதமும் எனக்குப் பேறுகால விடுப்பு உண்டு. பதில் ஆள் கிடைக்காவிட்டால், உங்கள் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.